வாழ முடியாத நிலத்தில் அறம்

மனிதனால் வாழ முடியாத ஒரு கோளைக் களமாக வைத்து அறிவியல் புனைகதை எழுதுகிறவர் முதலில் முடிவு செய்வது ஈர்ப்பு, வெப்பம், காற்று, நீர் ஆகியவற்றை. இவற்றின் அளவு முடிவானதுமே அவர் ஒரு தத்துவக் கேள்விக்குள் நுழைந்துவிடுகிறார். அந்த நிலத்தில் பிறந்த உயிர் எதை நல்லது என்று கருதும்? எதற்கு அஞ்சும், எதை வணங்கும்? நிலம் மாறினால் அறமும் மாறுமா, எந்த நிலத்திலும் மாறாத ஏதாவது அதில் உண்டா? கடும் உலகங்களைப் பற்றிய கதைகளில் இன்றும் நின்று பேசுபவை இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதவை.

கேள்வி மிகப் பழையது. குதிரைகளுக்கும் எருதுகளுக்கும் கையிருந்தால் அவை தங்கள் உருவத்திலேயே கடவுளை வரையும் என்று கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கச் சிந்தனையாளர் செனோபனீஸ் சொல்லியிருக்கிறார். 1686-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபோன்டனெல், உலகங்கள் பல என்ற கருத்தை உரையாடல் வடிவில் எழுதிய நூலில், கோள்தோறும் மக்களைக் குடியேற்றினார். சூரியனுக்கு அருகில் உள்ள புதனில் வாழ்வோர் வெப்பத்தால் பித்தேறியவர்கள். தொலைவில் சனியில் வாழ்வோர் சிரிப்பறியாத மந்தர்கள், சின்னக் கேள்விக்கும் பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொள்பவர்கள். 1755-இல் இம்மானுவேல் கான்ட் இதையே ஒரு கோட்பாடாக்கினார். சூரியனிலிருந்து விலக விலகப் பொருள் நுண்மையாகிறது, உயிர்களின் அறிவும் மேன்மையடைகிறது, மனிதன் நடுப்படியில் நிற்கிறான் என்றார்.

படிக்கச் சுவையான இந்தக் கற்பனைக்குள் ஒரு நச்சு உண்டு. ஃபோன்டனெல் தன் புதன்வாசிகளுக்கு நினைவாற்றல் கிடையாது என்று எழுதிய இடத்தில், ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான் என்று சேர்த்துக்கொண்டார். அவருக்குப் பின் மான்டெஸ்க்யூ 1748-இல் வெளியிட்ட சட்டங்களைப் பற்றிய பெருநூலில், வெப்ப நாட்டு மக்கள் சோம்பலுக்கும் அடிமைத்தனத்துக்கும் இணங்குபவர்கள் என்று வாதிட்டார். இந்தியாவும் அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. நிலம் குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம், ஆளப் பிறந்தவர்கள் யார், ஆளப்படப் பிறந்தவர்கள் யார் என்று பிரிக்கும் வேலைக்கு அடுத்த இரண்டு நூற்றாண்டுகள் பயன்பட்டது. வெப்பக் கோளில் வெறியர்களையும் பனிக்கோளில் உணர்ச்சியற்றவர்களையும் குடியேற்றும் எழுத்தாளர் தான் இயற்பியலிலிருந்து தொடங்குவதாக நினைக்கலாம். உண்மையில் அவர் தொடங்குவது இந்தப் பழைய இடத்திலிருந்துதான்.

நிலத்துக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கணம் வேறு விதமாக வகுத்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வத்தை, உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் ஆகியவற்றோடு சேர்த்து, நிலத்தில் பிறக்கும் கருப்பொருளாக வைக்கிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொல்கிற நூல், பாலைக்கு அந்த வரிசையில் இடம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்று பின்னர் சிலப்பதிகாரம் விளக்குகிறது. கொடுமை அங்கே ஒரு நிலத்தின் பிறவிக்குணம் இல்லை. நிலத்துக்கு நேர்கிற நிலை. அறிவியல் புனைகதை இதே முடிவுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

கடும் உலகை நேர்மையாகக் கட்டுவது எப்படி என்று காட்டியவர் ஹால் கிளெமென்ட். இது புனைபெயர்; அவர் இயற்பெயர் ஹாரி கிளெமென்ட் ஸ்டப்ஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்தவர். 1953-இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் தொடராக வந்த அவருடைய ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ நாவலின் களம் மெஸ்க்ளின் என்ற கோள். அது 18 நிமிடத்துக்குள் ஒரு முறை தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தில் தட்டையாகிப் போனதால் நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப் போல 3 மடங்கு, துருவங்களில் ஏறத்தாழ 700 மடங்கு. காற்று ஹைட்ரஜன், கடல் திரவ மீத்தேன்.

இந்த எண்களிலிருந்து ஒரு மனம் உருவாகிறது. அங்கு வாழும் பார்லென்னன் ஒரு கப்பல் தலைவன். பூரானை ஒத்த, ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள உடல். அவன் பிறந்த துருவப் பகுதியில் ஒரு பொருள் கை நழுவினால் அது விழுவது கண்ணுக்கே தெரியாது. சில அங்குல உயரத்திலிருந்து விழுந்தாலும் சாவுதான். ஆகவே எறிதல் என்ற செயலே அவனுக்குப் புதிது. பறப்பது கற்பனைக்கும் எட்டாதது. தலைக்கு மேல் கனமான எதுவும் இருக்கக் கூடாது என்பதால் அவன் ஊர் வீடுகளுக்குச் சுவர் உண்டு, கூரையோ வெறும் துணி. ஈர்ப்பு குறைந்த நடுக்கோட்டுப் பகுதியில் ஒரு மனிதன் அவனைத் தூக்கித் தன் வண்டியின் மேல் வைக்கும் இடம் நாவலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அங்கே விழுந்தாலும் அடிபடாது என்று அறிவு சொல்கிறது. பல தலைமுறைகளின் அச்சமோ அவன் உடலை அசையவிடாமல் இறுக்குகிறது. பிறகு அந்த அச்சம் மெல்ல விலகும்போது அவனுக்கு வேறொரு கவலை பிறக்கிறது: அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் போவது பைத்தியத்தின் அறிகுறி ஆயிற்றே.

துணிவு என்பது என்ன என்ற கேள்விக்கு இந்தக் காட்சி நல்ல விடை தருகிறது. தரையை விட்டு எழாமல் இருப்பது அங்கே கோழைத்தனம் ஆகாது, அறிவுடைமை. மனிதன் வீரம் என்று போற்றும் பல செயல்கள் பூமியின் ஈர்ப்பு அளித்த சலுகை என்பது விளங்குகிறது. ஆனால் கிளெமென்ட் அங்கேயே நின்றுவிடவில்லை. துருவத்தில் சிக்கிய மனிதர்களின் ஆய்வுக் கருவியை மீட்கப் பார்லென்னன் கூலிக்கு அமர்த்தப்படுகிறான். கருவியை அடைந்ததும் தகவல்களைக் கொடுக்க மறுத்து ஒரு விலை கேட்கிறான். மனிதர்களின் அறிவியலை அவனுக்கும் அவன் மக்களுக்கும் அடிப்படையிலிருந்து கற்றுத்தர வேண்டும். அச்சமும் வீடும் வீரமும் இரண்டு உலகங்களுக்கும் வேறுவேறு. அறியும் ஆசை இருவருக்கும் பொது. கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத இந்த நாவலின் மையத்தில் இருப்பது இந்த நம்பிக்கைதான்.

கிளெமென்ட் இதைச் சாதித்தது கட்டுப்பாட்டால். தான் எப்படிக் கணக்கிட்டார் என்று அதே ஆண்டு ஒரு கட்டுரையும் எழுதினார். எழுத்தாளர் பிழை விடாமல் பார்த்துக்கொள்வதும் வாசகர் பிழை தேடுவதும் அவருக்கு விளையாட்டு. பிற்காலத்தில் மறுகணக்குப் போட்டபோது துருவ ஈர்ப்பு அவர் முதலில் எழுதியதைவிட வெகுவாகக் குறைந்தது; அதை அவர் மறைக்கவும் இல்லை. இப்படித் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் எழுத்தாளரின் நிலை, இறையியலில் படைப்போனைப் பற்றி நெடுங்காலமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியைத் தொடுகிறது. விதிகளை வகுத்தவர், தன் படைப்பு துன்பப்படும்போது அந்த விதிகளைத் தளர்த்தலாமா? பார்லென்னன் மேல் இரக்கப்பட்டு ஓரிடத்தில் ஈர்ப்பைக் குறைத்திருந்தால் அவனுடைய துணிவுக்கு ஒரு பொருளும் இருந்திருக்காது. கதைக்குள் அற்புதம் செய்ய மறுப்பது கதைமாந்தருக்கு அவர் காட்டும் மரியாதை. (மீத்தேன் கடல் வெறும் கற்பனையாகவும் நின்றுவிடவில்லை. சனியின் துணைக்கோளான டைட்டனில் திரவ மீத்தேன் ஏரிகள் இருப்பதை காசினி விண்கலம் பின்னாளில் கண்டறிந்தது.)

ஐசக் அசிமோவ் 1941-இல் எழுதிய ‘நைட்ஃபால்’ சிறுகதை சமயத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆறு சூரியன்கள் கொண்ட லகாஷ் கோளில் இரவே கிடையாது. 2049 ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் இருள் சூழும். விண்மீன்களைக் காணும் மக்கள் நிலைகுலைந்து வெளிச்சத்துக்காகத் தங்கள் நகரங்களையே கொளுத்துவார்கள். அந்த நினைவைக் காத்து வைத்திருப்பது ஒரு சமயக் குழுவின் மறைநூல். விஞ்ஞானிகள் தங்கள் கணக்குக்கு வேண்டிய தரவை அந்தக் குழுவிடமிருந்தே பெறுகிறார்கள். விளக்கம் தவறாக இருந்தாலும் நிகழ்ச்சி உண்மையாக இருக்கலாம் என்று அசிமோவ் சமயத்துக்கு ஒரு நியாயம் வழங்குகிறார். நாத்திகரான அவர் எழுதியது என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு.

பாலை நிலக் கோள் என்றதும் நினைவுக்கு வருவது ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் ‘டியூன்’ (1965). அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்தும் அரசுத் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன ஹெர்பெர்ட், அங்கே சேர்த்த செய்திகளிலிருந்து அராக்கிஸ் கோளை வளர்த்தெடுத்தார். அங்கு வாழும் ஃப்ரெமன் மக்கள் வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் சேமித்துத் திரும்பக் குடிக்கவைக்கும் உடையை அணிகிறார்கள். இறந்தவரின் உடலிலுள்ள நீர் குலத்துக்குச் சொந்தம்; அதைப் பிழிந்து அளந்து பொதுத் தொட்டியில் சேர்க்கிறார்கள்.

இந்த ஒரே விதியிலிருந்து ஹெர்பெர்ட் இரண்டு காட்சிகளை எடுக்கிறார். முதல் காட்சியில் ஃப்ரெமன் தலைவன் ஸ்டில்கர், புதிதாக வந்த பிரபுவின் மேசை மேல் காறித் துப்புகிறான். சுற்றியிருப்பவர்கள் கொதித்தெழ, அந்த மக்களோடு பழகிய ஒருவன், உடலின் ஈரத்தை அளித்ததற்கு நன்றி சொல்லி நிலைமையைக் காப்பாற்றுகிறான். அது அவமதிப்பே இல்லை, காணிக்கை. இரண்டாவது காட்சியில், தன் கையால் கொன்ற மனிதனின் இறுதிச் சடங்கில் அந்தப் பிரபுவின் மகனான இளைஞன் பால் அழுகிறான். சுற்றி நின்ற மக்கள் வியந்து போகிறார்கள். செத்தவனுக்குத் தண்ணீர் தருகிறானே என்று அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். செயல்களின் பொருள் நிலத்தோடு சேர்ந்து மாறிவிட்டது. ஆனால் விருந்தினரை மதிப்பதும், மாண்டவருக்குத் தன்னிடம் உள்ளதில் அரியதைக் கொடுப்பதும் மாறவில்லை. வழக்கங்கள் வேறுபடுவதால் அறங்களும் வேறுபட்டுவிட்டன என்று அவசரப்பட்டு முடிவுகட்டுவோருக்கு இந்த இரண்டு காட்சிகளும் நல்ல மறுப்பு.

அதே நாவல் வேறோரிடத்தில் பழைய பள்ளத்தில் விழுகிறது. கடும் நிலம் வெல்ல முடியாத போர்வீரர்களை உண்டாக்கும் என்பது அதன் அடிப்படை எண்ணங்களில் ஒன்று. பேரரசரின் கொடிய படையினர் உருவாவதும் ஒரு சிறைக்கோளில்தான். பாலை மக்களின் பேச்சிலும் சமயத்திலும் அரபுச் சாயல் வெளிப்படையாக இருக்க, அவர்கள் எல்லோரும் ஒரே நம்பிக்கையில் ஒரே திசையில் எழுகிறார்கள். ஹெர்பெர்ட் இதை உணராதவர் என்று சொல்லிவிட முடியாது. பாலைச் சமயத்தின் முன்னறிவிப்புகள் பல, வெளியிலிருந்து வந்த ஒரு பெண்கள் அமைப்பு தன் வசதிக்காக நெடுங்காலம் முன்பே விதைத்தவை என்று அவரே காட்டுகிறார். நிலம் பெற்றெடுத்ததாகத் தோன்றும் கடவுள், யாரோ கொண்டுவந்து வைத்தவராகவும் இருக்கலாம். நாவலின் ஆழமான எண்ணம் இதுவே. இருந்தும், அந்த விதையை ஏற்க மறுத்த ஃப்ரெமன் ஒருவனுக்கும் கதையில் முக்கிய இடம் கிடைக்காதது குறைதான்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் உர்சுலா லெ குவின். ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ (1969) நாவலின் கெத்தென் கோள் பனியூழியில் உறைந்து கிடக்கிறது. அம்மக்களுக்கு நிலையான ஆண் பெண் வேறுபாடு கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் பால்தன்மை வெளிப்படும். அங்கே கொலை உண்டு, பழிவாங்கல் உண்டு, போர் மட்டும் நடந்ததே இல்லை. ஏன் என்று ஆராயும் பெண் ஆய்வாளரின் குறிப்பு நாவலுக்குள் ஓர் அத்தியாயமாக வருகிறது. பால்நிலை காரணமாக இருக்கலாம் என்று எழுதுகிறவர், குளிரோடு போராடியே போராட்ட உணர்வு தீர்ந்துவிடுகிறதோ என்றும் ஐயுறுகிறார். லெ குவின் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் குணத்துக்கு ஒற்றைக் காரணம் தேடக்கூடாது என்பதை, காரணத்தைத் திறந்து வைத்ததன் மூலமே அவர் உணர்த்துகிறார். (பறக்கும் உயிர் எதுவும் இல்லாத அந்தக் கோளில் விமானம் என்ற எண்ணமே யாருக்கும் தோன்றவில்லை, மெஸ்க்ளினின் நியாயம் இங்கும் வேலை செய்கிறது.)

ஒரே பனியில் அவர் இரண்டு நாடுகளையும் இரண்டு சமயங்களையும் வைத்தார். ஹன்தரா மரபு அறியாமையையும் இருளையும் போற்றுகிறது. முடிவுறாத படைப்பை வணங்குகிறது. தவறான கேள்விக்குச் சரியான விடை கிடைத்தும் பயனில்லை என்று காட்டுவதற்காகவே அதன் குறிசொல்வோர் குறி சொல்கிறார்கள். யோமெஷ் மரபோ எல்லாக் காலத்தையும் ஒருசேரக் கண்ட ஒரு ஞானியை வழிபடுகிறது. அவன் பார்வையில் இருளே இல்லை. இரண்டும் குளிரில் பிறந்தவை. ஆனால் ஒன்று மற்றதன் மறுப்பு.

இந்தச் சமய விவாதத்துக்கு விடை ஒரு கோயிலிலோ மன்றத்திலோ கிடைப்பதில்லை. பனிப்பாளத்தைக் கடக்கும் பயணத்தில் கிடைக்கிறது. பூமி வழிவந்த தூதன் கென்லி ஐயும் கெத்தெனைச் சேர்ந்த எஸ்திரவெனும் சறுக்குவண்டி இழுத்தபடி ஏறத்தாழ 800 மைல் நடக்கிறார்கள். ஒரு நாள் வெண்மூட்டம் கவிகிறது. வெளிச்சம் எங்கும் சமமாகப் பரவி, நிழல் என்பதே மறைகிறது. வானும் தரையும் ஒரே வெண்மை; மேடும் பள்ளமும் தெரியாது; பதித்த காலடித் தடமும் தெரியாது. ஒளி நிறைந்த இடத்தில் அவர்கள் குருடர்களாகிறார்கள். அடுத்த அடி வைக்க நிழல் வேண்டும் என்று எஸ்திரவென் உணர்கிறான். நிழலில்லா ஒளியே முழுமை என்ற யோமெஷ் கொள்கைக்கு இதைவிட வலிய மறுப்பை எந்த வாதமும் தர முடியாது. கென்லி எஸ்திரவெனின் குறிப்பேட்டை வாங்கி அதில் சீனர்களின் இருமைச் சின்னத்தை வரைந்து காட்டுகிறான். லெ குவின் இளமையிலிருந்தே தாவோ மரபில் தோய்ந்தவர். அண்டார்க்டிகப் பயணிகளின் நூல்களை விரும்பிப் படித்தவர். இரண்டும் இந்தப் பக்கங்களில் ஒன்று கலந்திருக்கின்றன.

பனியைக் கடந்து இறங்கும் இருவரும் ஓர் ஏழை மீனவ ஊருக்குள் போய் இடம் கேட்கிறார்கள். ஊரே பட்டினியின் விளிம்பில் வாழ்கிறது. ஆனாலும் அளந்து பார்க்காமல், எதையும் கேட்காமல் உணவும் படுக்கையும் தருகிறார்கள். கடுமை கொடுமையைத்தான் வளர்க்கும் என்ற எளிய முடிவுக்கு எதிராக லெ குவின் வைக்கும் சான்று இது. அதே கோளின் இன்னொரு நாடு எதிரிகளைத் தொழிற்பண்ணைச் சிறைகளில் அடைத்து வைத்திருக்கிறது. குளிர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மறுபுறம், துன்பமற்ற உலகம் சமயத்துக்கு இன்னும் பெரிய சிக்கல். ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய ‘எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்’ (1958) நாவலில், உயிரியலாளரான இயேசு சபைத் துறவி ரூயிஸ்-சான்செஸ் லித்தியா கோளில் குற்றமே அறியாத ஊர்வன இனத்தைக் காண்கிறார். அவர்களுக்குக் கடவுளும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஆனால் ஒழுக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கடவுளின்றியும் அறம் முழுமை பெறலாம் என்று காட்டவே சாத்தான் இந்த உலகைப் படைத்திருக்க வேண்டும் என்று துறவி முடிவு செய்கிறார். சாத்தானுக்குப் படைக்கும் ஆற்றல் உண்டு என்பதோ அவர் திருச்சபையே கண்டித்த கொள்கை. பிளிஷ் தன்னைக் கடவுள் உண்டா இல்லையா என்பதில் நிலைப்பாடு இல்லாதவர் என்று சொல்லிக்கொண்டவர். ஆயினும் துறவியின் மனவேதனையை ஓரிடத்திலும் இழிவாக நடத்தவில்லை.

ஸ்தனிஸ்லாவ் லெம் 1961-இல் வெளியிட்ட ‘சோலாரிஸ்’ இந்தத் தேடல் முழுவதற்கும் ஒரு வரம்பு கட்டுகிறது. கோள் முழுவதையும் மூடிய கடல் ஒன்று உயிரோடு இருக்கிறது. இரண்டு சூரியன்களுக்கிடையே தன் கோளின் பாதையைத் தானே நேர்செய்கிறது. அதைப் பற்றி ஒரு நூலகம் நிறைய ஆய்வுகள் சேர்ந்திருக்கின்றன; புரிந்ததோ ஒன்றுமில்லை. ஆய்வுநிலையத்தில் இருப்பவர்களின் நினைவிலுள்ள மனிதர்களைக் கடல் உயிரோடு அனுப்பி வைக்கிறது. அது தண்டனையா, பரிசா, கடல் அறிந்து செய்ததா என்பதும் தெரியவில்லை. இறுதியில் கதைசொல்லியான கெல்வின், குறையுள்ள ஒரு கடவுளைப் பற்றிப் பேசுகிறான்: தான் செய்வதன் விளைவை முன்கூட்டி அறியாத, தன் குறையிலிருந்து மீள வழியற்ற கடவுள். மற்ற எழுத்தாளர்கள் அந்நிய உலகின் அறத்தைக் கண்டுபிடித்து நமக்குச் சொன்னார்கள். லெம் மட்டுமே அது நம்மால் அறிய முடியாததாகவே இருந்துவிடலாம் என்பதை முழுமையாக ஏற்றார். இந்த வகைக் கதைகளில் தத்துவ நேர்மை மிக்கது எது என்று கேட்டால் ‘சோலாரிஸ்’ என்றே சொல்ல வேண்டும். மனத்தை அதிகம் தொடுவது லெ குவினின் பனிப்பயணம்.

கடைசியாக, யாருமே வாழாத நிலம். கிம் ஸ்டான்லி ராபின்சனின் செவ்வாய் முந்நூல் வரிசை 1992-இல் ‘ரெட் மார்ஸ்’ நாவலோடு தொடங்கியது. அதில் நிலவியலாளர் ஆன் கிளேபோர்ன், செவ்வாயை மனிதருக்கு ஏற்றதாக மாற்றும் திட்டத்தை எதிர்க்கிறார். கோடிக்கணக்கான ஆண்டுகளாக யாரும் தொடாமல் கிடந்த பாறைக்கும் அப்படியே இருக்க உரிமை உண்டு என்பது அவர் கட்சி. காணும் உயிர் இருந்தால்தான் அழகுக்குப் பொருள் என்பது எதிர்க்கட்சியில் நிற்கும் சாக்ஸ் ரஸ்ஸலின் வாதம். துன்பப்பட ஓர் உயிரும் இல்லாத இடத்தில் தீங்கு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா என்ற இந்தக் கேள்வி இன்று கதையோடு நிற்பதில்லை. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில் 9-ஆவது பிரிவு, பிற விண்பொருள்களைத் தீங்கு தரும் வகையில் மாசுபடுத்தக் கூடாது என்கிறது. செவ்வாய்க்குச் செல்லும் கலங்களைக் கிருமி நீக்கி அனுப்பும் நடைமுறையும் உலக நாடுகளிடையே உள்ளது. அவற்றின் நோக்கம் உயிரைத் தேடும் ஆய்வு கெடாமல் காப்பதும் பூமிக்குக் கேடு வராமல் காப்பதும். உயிரற்ற ஒரு பள்ளத்தாக்கை அதன் பொருட்டே காக்கச் சொல்லும் விதி அந்த ஒப்பந்தத்தில் இல்லை.